டிசம்பரில் ஐரோப்பா: கிறிஸ்துமஸ் நகரங்களுக்குக் கிளம்புமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

டிசம்பரில் மூன்று முறை மத்திய ஐரோப்பா போய்வந்திருக்கிறேன். 2018இல் மனைவியும் நானும், 2019இல் மறுபடியும் நாங்கள் இருவர், 2024இல் அம்மா, இரண்டு பிள்ளைகள் சகிதம். அதிலிருந்து அலுவலகம், கல்யாண வீடு, அபார்ட்மெண்ட் லிஃப்ட் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். ஜெர்மனி, செக், ஆஸ்திரியா, ஹங்கேரி நான்கையும் பற்றித்தான் இங்கே பேச்சு. பாரிஸ், லண்டன், ரோம் எல்லாம் வேறு கதை.

கிறிஸ்துமஸ் மார்க்கெட்னு சொல்றாங்களே, அது நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரியா?

பொருட்காட்சியைவிடக் கோயில் திருவிழாக் கடைகளுக்குத்தான் நெருக்கம். ஊரின் நடுச் சதுக்கத்தில், பெரும்பாலும் பெரிய தேவாலயத்தின் காலடியில், சின்னச் சின்ன மரக்கடைகள் வரிசையாக நிற்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. மர பொம்மை, கண்ணாடி உருண்டை, மெழுகுவர்த்தி, இஞ்சி மணக்கும் பிஸ்கட், சுடச்சுட ஏதாவது குடிக்க, ஏதாவது கொறிக்க. உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து, நின்றபடியே கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிற இடம்.

பழமையும் சாதாரணப்பட்டதல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தையான ஸ்டிரீட்ஸல்மார்க்ட் பற்றிய முதல் குறிப்பு 1434ஆம் ஆண்டுடையது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் சந்தை 1570இலிருந்து நடக்கிறது. வியன்னாவில் டிசம்பர்ச் சந்தை கூட்டும் உரிமையை ஆல்பிரெக்ட் பிரபு கொடுத்தது 1298இல்.

கிறிஸ்துமஸ் பார்க்கத்தானே போறோம்? 25ஆம் தேதி அங்க இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டா சரிதானே?

சரியில்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். நாங்களும் 2018இல் இதே கணக்கில் டிக்கெட் போட்டு, டிசம்பர் 25 மதியம் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இறங்கினோம். படங்களில் பார்த்த அந்தச் சிவப்பு-வெள்ளைத் துணிக் கூரைகள் இருந்தன. கடைகள் எல்லாம் பூட்டு. சதுக்கத்தில் எங்களையும் நாலு புறாக்களையும் தவிர யாருமில்லை. அன்று இரவுச் சாப்பாடு ரயில் நிலையத்தில் வாங்கிய ரொட்டி.

காரணம் எளிது. சந்தை என்பது பண்டிகைக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கானது. அந்தக் காலத்தை அட்வெந்து என்பார்கள். பண்டிகைக்கு வேண்டியதை வாங்கத்தான் சந்தை. நம் ஊரில் தீபாவளிக்கு மறுநாள் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் 'எங்கே கூட்டம்?' என்று கேட்டால் எப்படி? அதே கதை. ஜெர்மனியில் பெரும்பாலான சந்தைகள் 23 அல்லது 24ஆம் தேதியோடு முடிந்துவிடும். நியூரம்பெர்க், டிரெஸ்டன் இரண்டுமே 24 மதியம் வரைதான். ஸ்ட்ராஸ்பர்க்கும் பெரும்பாலான ஆண்டுகளில் 24ஓடு முடிந்துவிடும். அதனால் ஜெர்மன் சந்தைகள் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் போங்கள்.

பிள்ளைங்களுக்கு அரையாண்டுத் தேர்வு முடியவே 23 ஆயிடும். அப்போ எங்களுக்குக் கொடுத்து வைக்கலையா?

கொடுத்து வைத்திருக்கிறது, வேறு ஊர்களில். பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவில் மாநகராட்சி மன்றத்துக்கு எதிரே இருக்கும் பெரிய சந்தை 26 வரை; ஷோன்பிரூன் அரண்மனை வாசலில் இருப்பது ஜனவரி முதல் வாரம் வரை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், ஹங்கேரியின் புடாபெஸ்ட் இரண்டும் கிட்டத்தட்டப் புத்தாண்டு வரை தாங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஓரிரு நாள் முன்பின் ஆகும் என்பதால், டிக்கெட் போடுமுன் அந்தந்த நகரத்தின் சுற்றுலாத் தளத்தில் அவ்வருடத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

2024இல் நாங்கள் 23 இரவு சென்னையில் ஏறி, 24 அன்று வியன்னாவில் இறங்கினோம். நாலு இரவு வியன்னா, நாலு இரவு பிராக், பிராக்கிலிருந்தே திரும்பினோம். பிள்ளைகளுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. நியூரம்பெர்க் என்று ஒன்று இருப்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

சரி, எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர்? எத்தனை நாள் வேணும்?

முதலில் மூடுவது ஜெர்மன் சந்தைகள், அதனால் அங்கேதான் முதலில். ஜெர்மனியில் தொடங்கி பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று கிழக்கே நகருங்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து நியூரம்பெர்க் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள். திரும்பும்போது வியன்னாவிலிருந்தோ புடாபெஸ்டிலிருந்தோ விமானம் ஏறிவிடுங்கள். இறங்கின ஊருக்கே திரும்பி வந்துதான் ஏற வேண்டும் என்று நினைத்துப் பலர் ஒரு முழு நாளை ரயிலில் தொலைக்கிறார்கள்.

பத்து இரவு இருந்தால் நான்கு ஊர், ஏழு இரவு என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஏழு நாளில் ஆறு நாடு காட்டும் பேக்கேஜ் விளம்பரங்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பஸ் ஜன்னல்தான்.

பனி கொட்டுமா? போட்டோ எடுக்கணும்.

சந்தேகம். டிசம்பர் கடைசியில் இந்த நகரங்களில் பகல் வெப்பம் பெரும்பாலும் 2 முதல் 5 டிகிரி. இரவில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த அளவில் பனியைவிடத் தூறலுக்குத்தான் வாய்ப்பு அதிகம். மாத நடுவில் கொஞ்சம் பனி விழுந்து, சரியாகப் பண்டிகை வாரத்தில் காற்று வெதுவெதுப்பாகி உருகிவிடுவது அங்கே அடிக்கடி நடப்பது. அதற்கு ஜெர்மனில் 'வைநாக்ட்ஸ்டாவெட்டர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் உருகல் என்று அர்த்தம்.

பனி கட்டாயம் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். சால்ஸ்பர்க்கில் தங்கினால் சுற்றியுள்ள ஆல்ப்ஸ் மலைகளுக்கு ஒருநாள் போய்வரலாம். மூன்று பயணங்களில் நகரத்துக்குள் எங்களுக்குக் கிடைத்த பனி மொத்தம் ஒரு காலை நேரம்.

எங்களுக்கு ஊட்டிக் குளிரே ஆகாது. தாங்குவோமா?

தாங்குவீர்கள். ஊட்டியிலும் ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படிகிறது. அங்கே அறைக்குள்ளும் அதே குளிர். இங்கே கதவைத் தாண்டினால் கதகதப்பு. அதனால் ஒரே தடிமனான கோட்டை நம்பாமல், வெங்காயம் போல அடுக்கடுக்காகப் போடுங்கள். வெங்காய உவமை என்னுடையதல்ல, ஜெர்மன்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கடைக்குள், டிராமுக்குள் நுழைந்ததும் ஒன்றொன்றாகக் கழற்றலாம். அருங்காட்சியகங்களில் கோட்டை வாங்கி வைக்க ஓர் இடம் இருக்கும்.

எல்லோரும் உடம்பைக் கவனித்துவிட்டுக் காலைக் கோட்டை விடுகிறார்கள். சந்தையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். கருங்கல் தரையில் அரை மணி நேரம் நின்றால் குளிர் உள்ளங்காலிலிருந்து ஏறும். சாதாரண ஓட்ட ஷூ போதாது. கெட்டியான, வழுக்காத, தண்ணீர் புகாத அடிப்பாகம் வேண்டும். அரை சைஸ் பெரிதாக வாங்கினால்தான் கம்பளி சாக்ஸ் உள்ளே போகும். ஊரிலேயே வாங்கி ஒரு வாரம் போட்டு நடந்து பழகிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாகிவிடும். உதட்டுக்கும் கைக்கும் க்ரீம் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கி குல்லாய் போட்டால் யாராவது சிரிப்பார்களா என்று என் அம்மா கேட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கே இருட்டிடுமாமே?

ஆமாம். டிசம்பர் 21 வாக்கில் பிராக்கில் காலை 8 மணிக்குச் சூரியன் எழும், மாலை 4 மணிக்கு விழுந்துவிடும். மேகம் மூடினால் 3 மணிக்கே மங்கல். கோட்டை, பாலம், மலைமேல் காட்சி என்று வெளிச்சம் தேவைப்படுவதையெல்லாம் காலை 10க்கும் மதியம் 3க்கும் நடுவே முடித்துவிட்டு, இருட்டியதும் சந்தைக்குப் போங்கள். விளக்கு எரியாத சந்தை சுமார்தான்.

இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் அவர்கள் நேரம் நம்மைவிட 4½ மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் நீங்கள் விடிகாலை 3 மணிக்கு விழித்துக்கொள்வீர்கள். மாலை 7 மணிக்கு, சந்தை களைகட்டும் நேரத்தில், கண் சொருகும். சந்தைகள் இரவு 9 மணி வாக்கில் மூடிவிடும். முதல் நாள் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்தால் சமாளிக்கலாம். மழை நாளுக்கு வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பிரூகல் 1565இல் வரைந்த, பனியில் வேட்டைநாய்களோடு வீடு திரும்பும் வேட்டைக்காரர்கள் ஓவியம் அங்கேதான். வெளியே கிடைக்காத பனி அதில் நிறைய இருக்கிறது.

நாலு நாட்டுக்கும் நாலு விசாவா?

ஒன்றே போதும். நான்கும் ஷெங்கன் பகுதிக்குள் வருபவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஜெர்மனி மூன்று இரவு, செக் மூன்று, ஆஸ்திரியா நாலு என்றால் ஆஸ்திரியாதான், ஃபிராங்க்பர்ட்டில் இறங்கினாலும் சரி. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்கும் கீழே இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர்ப் பயணத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த இரண்டு குடும்பங்கள் எனக்குத் தெரியும், இரண்டும் கடைசியில் கேரளா போயின. இன்னொன்று: 2025 அக்டோபர் 12இலிருந்து எல்லையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு முறையைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். வரிசை நீளலாம் என்பதால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே 3 மணி நேரமாவது விடுங்கள்.

ரயில் டிக்கெட் தேடினேன், டிசம்பர் 15க்கு மேல ஒண்ணுமே காட்டல. ரயில் ஓடாதா?

ஓடும். ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை ஆண்டுக்கொரு முறை டிசம்பர் நடுவில் மாறும். புதிய அட்டவணைக்கான விற்பனை இலையுதிர் காலத்தில்தான் திறக்கும். அதுவரை அந்தத் தேதிகள் காலியாகத் தெரியும். திறந்ததும் வாங்கினால் மலிவு. கிளம்பும் வாரத்தில் அதே இருக்கை இரண்டு மூன்று மடங்குகூட ஆகும்.

டிரெஸ்டனிலிருந்து பிராக் இரண்டரை மணி நேரத்துக்குள். எல்ப நதியை ஒட்டியே வண்டி போகும். பிராக் போகும்போது இடதுபுற ஜன்னல் பிடித்தால் ஆறும், அதன்மேல் எழும்பும் மணற்பாறைகளும் முழுக்கக் கிடைக்கும். பிராக்கிலிருந்து வியன்னா சுமார் 4 மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் 2 மணி 40 நிமிடம். நியூரம்பெர்க்கிலிருந்து டிரெஸ்டனுக்குத்தான் கொஞ்சம் அலைச்சல், வண்டி மாற வேண்டிவரும். டூர் பஸ்ஸைவிட ரயில்தான் என் கட்சி: நிலையங்கள் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன.

நாங்க சுத்த சைவம். அங்க போய் ரொட்டியும் ஜாமுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். சந்தையிலேயே கிடைப்பவை: ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை, சுட்ட கஷ்கொட்டை, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், பாலாடைக்கட்டி உருகி நிற்கும் ஸ்பெட்ஸ்லெ என்ற நூடுல்ஸ், ஹங்கேரியின் லாங்கோஷ். லாங்கோஷ் கிட்டத்தட்ட நம் பட்டூராதான். மேலே பூண்டு, சீஸ், புளிப்பு க்ரீம். அடையிலும் ஸ்பெட்ஸ்லெயிலும் முட்டை இருக்கும். முட்டை ஆகாதவர்கள் இரண்டையும் விட்டுவிடலாம்.

ஏமாற்றுவது சூப். காய்கறியோ மாவு உருண்டையோ மட்டும் மிதந்தாலும், கீழே இருப்பது மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம். வியன்னாவில் தோசைக் கீற்றுகள் போல மிதக்கும் ஃப்ரிட்டாட்டன் சூப் அந்த ரகம்தான். 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் ஜெர்மனில் இறைச்சி இல்லாமல் என்று பொருள், ஆனால் சாறை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். 'வெஜிட்டாரிஷ்' என்று கேளுங்கள். அம்மாவுக்காக ஒரு சின்ன மின்சார குக்கரும் அரிசியும் கொண்டுபோய், சமையலறை உள்ள அபார்ட்மெண்டில் தங்கினோம். தயிர் எந்த ஊரிலும் கிடைக்கிறது. தயிர்சாதத்தோடு பிராக் கோட்டை பார்த்தது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

எல்லாரும் கையில கோப்பையோட நிக்கிறாங்க. மது குடிக்காதவங்களுக்கு என்ன?

அந்தக் கோப்பையில் இருப்பது பெரும்பாலும் குளூவைன். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கியது. அதன் பக்கத்திலேயே 'கிண்டர்புன்ஷ்' என்று எழுதியிருக்கும்: பழச்சாற்றில் அதே மசாலா, மது கிடையாது. மணத்தை மட்டும் வைத்து எது எது என்று சொல்ல முடியாது, அதனால் பிள்ளைகளுக்கு வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

விலை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வாங்கினால் சண்டைக்குப் போகாதீர்கள். கோப்பைக்கு முன்பணம் சில யூரோ சேர்த்து வாங்குவார்கள். அதன் பெயர் ப்ஃபாண்ட். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். அதில் ஊர்ப் பெயரும் வருடமும் அச்சிட்டிருப்பதால் பலர் பணத்தை விட்டுவிட்டுக் கோப்பையை வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் சமையலறையில் இப்போது ஃபில்டர் காபி அதில்தான்.

24 சாயங்காலத்திலிருந்து 26 வரைக்கும் என்னதான் பண்றது?

அங்கே பண்டிகையின் உச்சம் 24 மாலைதான். ஜெர்மனியில் கடைகள் அன்று மதியம் 2 மணி வாக்கில் மூடும்; செக்கில் பெரிய கடைகள் பகல் 12க்கு மேல் திறந்திருக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. ஆகவே 24 காலையிலேயே பால், ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகளைப் பாருங்கள். துருக்கி, வியட்நாம், இந்திய உணவகங்களிலும் சில திறந்திருக்கும். நல்ல உணவகம் என்றால் நவம்பரிலேயே முன்பதிவு வேண்டும்.

மூடிக் கிடக்கும் ஊரிலும் பார்க்க இருக்கிறது. ஷோன்பிரூன் அரண்மனை விடுமுறையிலும் திறந்திருக்கும். பிராக்கில் 20ஆம் தேதி வாக்கிலிருந்தே தெருமுனைகளில் பெரிய தொட்டிகளில் உயிருள்ள கெண்டை மீன் விற்பார்கள்; 24 இரவு விருந்து பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான். அதன் செதில் ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கப் பணம் தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சால்ஸ்பர்க்கில் இருந்தால் உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஓபெர்ன்டார்ஃப் போகலாம். உலகம் முழுக்கப் பாடும் 'சைலண்ட் நைட்' பாட்டு முதன்முதலில் ஒலித்தது அங்கே, 1818 டிசம்பர் 24 அன்று. யோசஃப் மோர் என்ற இளம் பாதிரியார் எழுதி, பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்தார். துணைக்குக் கிடார் மட்டும். பழைய தேவாலயம் வெள்ளத்தில் பழுதாகி இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு சிற்றாலயம் நிற்கிறது.

நாங்க கிறிஸ்தவங்க இல்ல. நள்ளிரவுப் பூசைக்கு உள்ள விடுவாங்களா?

விடுவார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வியன்னாவில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போனால்தான் உட்கார இடம். பூசை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்போது இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள், அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். உள்ளே சூடு அவ்வளவாக இருக்காது, ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம்.

குழந்தை 'சாண்டா எங்கே'ன்னு கேட்கிறான். அங்க இருப்பாரா?

கடைகளில் இருப்பார், கதைகளில் அவ்வளவாக இல்லை. தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பரிசு கொண்டுவருவது 'கிறிஸ்ட்கிண்ட்', அதாவது குழந்தை இயேசு. செக்கில் அதே வேலையை 'யெஜீஷெக்' செய்கிறார். நியூரம்பெர்க்கில் கிறிஸ்ட்கிண்ட் தங்கச் சுருள்முடியும் கிரீடமும் தரித்த இளம்பெண். இரண்டு ஆண்டுக்கொரு முறை 16 முதல் 19 வயதுக்குள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் அட்வெந்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி மாலை 5.30க்கு, தேவாலய மாடத்திலிருந்து அவள் கவிதை சொல்லிச் சந்தையைத் திறந்து வைப்பாள். 2019இல் அந்தக் கூட்டத்தில் நின்றோம். பார்த்ததைவிட நசுங்கியதுதான் அதிகம்.

நிக்கலஸ் தாத்தா டிசம்பர் 5 மாலை தேவதையோடும் பிசாசோடும் பிராக் தெருக்களில் சுற்றுவார். ஆஸ்திரியாவில் கூட வருவது கிராம்பஸ் என்ற கொம்பு வைத்த உருவம், நிஜமாகவே பயமுறுத்தும். சின்னக் குழந்தைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

யூரோ மட்டும் மாத்திட்டுப் போனா போதுமா?

ஜெர்மனி, ஆஸ்திரியாவுக்குப் போதும். செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட். இரண்டு நாட்டிலும் கார்டு பரவலாகச் செல்லும். செலவுக்குக் கொஞ்சம் பணத்தை வங்கி ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். திரையில் 'உங்கள் ரூபாயிலேயே கணக்கிடட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விலை எப்போதும் உங்களுக்கு நஷ்டம். ஜெர்மன் சந்தைகளில் கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். குளிரில் இந்தத் தேவை அடிக்கடி வரும்.

அந்த மாதிரிக் கூட்டத்தில் பாதுகாப்பா இருக்குமா? செய்தியில பார்த்தோமே.

2016 டிசம்பர் 19 அன்று பெர்லினிலும், 2024 டிசம்பர் 20 அன்று மக்டெபர்கிலும் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியை ஓட்டித் தாக்கினார்கள். இரண்டாவது நடந்தபோது நாங்கள் கிளம்ப மூன்றே நாள். அம்மா டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார். செய்யவில்லை, ஆனால் பெரிய சதுக்கங்களில் சனி மாலை போவதைத் தவிர்த்தோம், பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம். வழிகளில் கான்கிரீட் தடுப்பும் போலீஸும் இருந்தார்கள். அவசர எண் எல்லா நாட்டிலும் 112.

அன்றாட ஆபத்து ஜேப்படிதான், அதிலும் பிராக்கின் வானியல் கடிகாரத்தின் கீழே. மணி அடிக்கும்போது எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், திருடன் மட்டும் குனிந்து பார்ப்பான். பையை முன்பக்கம் போடுங்கள்.

அம்மாவுக்கு 70 வயசு, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், வேகத்தை அவர் கையில் கொடுத்தால். பழைய நகரங்கள் முழுக்கக் கரடுமுரடான கல் பாவியவை. நடக்க ஒரு மடிப்புக் கைத்தடி உதவும். தங்குமிடத்தைச் சதுக்கத்திலிருந்து இரண்டு டிராம் நிறுத்தத்துக்குள் எடுங்கள், லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பிராக் கோட்டைக்கு அடியிலிருந்து ஏறாமல் 22ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கி, கீழ்நோக்கி நடக்கலாம். வியன்னா காபிக்கடைகளில் ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். அம்மாவுக்குப் பயணத்தில் அதிகம் பிடித்த இடம் அதுதான்.

மருந்துகளை முழுப் பயணத்துக்கும் சீட்டோடு கொண்டுபோங்கள். 24 மாலையிலிருந்து 26 வரை முறைவைத்துத் திறக்கும் மருந்துக்கடைகள்தான் இருக்கும். எது என்று மூடிய கடையின் கதவில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

ஊருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?

டிரெஸ்டனில் ஸ்டோலன். உலர்பழமும் வெண்ணெயும் சேர்த்து, மேலே சர்க்கரைத் தூள் போர்த்திய கனமான ரொட்டி, வாரக்கணக்கில் கெடாது. ஒரு காலத்தில் அட்வெந்து நோன்பில் வெண்ணெய் தடை என்பதால் எண்ணெயில் செய்து, வாயில் வைக்க முடியாமல் இருந்ததாம். 1491இல் போப் எட்டாம் இன்னசென்ட் கடிதம் எழுதி வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார். பெரும்பாலும் முட்டை சேராது, ஆனால் பழத்தை ரம்மில் ஊறவைத்திருப்பார்கள். லேபிளைப் பாருங்கள்.

வியன்னாவில் பனி உருண்டை: குலுக்கினால் உள்ளே பனி பொழியும் கண்ணாடிப் பொம்மை. 1900 வாக்கில் எர்வின் பெர்ட்ஸி அதை அங்கே உருவாக்கினார். அதே குடும்பம் இன்றும் செய்கிறது. உள்ளே இருப்பது தண்ணீர் என்பது பாதுகாப்புச் சோதனையில்தான் பலருக்கு நினைவு வரும். கைப்பையில் வைத்தால் பறிபோகும்; துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். என் மகள் அழுததை எழுத மாட்டேன்.

முதல் ரயில் தாமதமாகி அடுத்த ரயில் போயிட்டா? டிக்கெட் பணம் போச்சா?

இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் போகாது. தாமதத்தால் இணைப்பு தவறினால் குறிப்பிட்ட வண்டியில்தான் போக வேண்டும் என்ற கட்டு தளர்ந்து, அடுத்த வண்டியில் ஏறலாம். சேருமிடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமானால் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம். இது ஐரோப்பிய ஒன்றிய விதி. நிறுவனத்தால் தவிர்க்க முடியாத கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு மட்டும் கிடைக்காமல் போகலாம். மலிவு என்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இரண்டாவதற்கு உத்தரவாதம் இல்லை.

ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் பிசகாது என்பது பழைய கதை. 2024இல் நீண்ட தூர வண்டிகளில் பத்துக்கு ஆறுதான் நேரத்துக்கு வந்தன. மாறும் இடத்தில் 10 நிமிட இடைவெளியை நம்பாதீர்கள், 40 நிமிடமாவது வையுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், ஒரே ஒரு ஊர்தான் போக முடியும்னா?

டிசம்பர் 20க்கு முன் என்றால் டிரெஸ்டன். நியூரம்பெர்க் அளவுக்குப் புகழ் இல்லை, அதனால் மூச்சுவிட இடம் இருக்கும். 1945 குண்டுவீச்சில் நொறுங்கி 2005இல் மறுபடி எழுந்த ஃபிராவன்கிர்ஷ தேவாலயம், நாலு தெரு தள்ளி அந்த 1434 சந்தை. 24க்குப் பிறகு என்றால் வியன்னா. ஊர் மூடினாலும் அங்கே உள்ளே போய் உட்கார இடம் இருக்கிறது. பிராக் இரண்டாவது. என் மனைவியைக் கேட்டால் பிராக்தான் முதலில் என்பார். இந்த விஷயம் எங்கள் வீட்டில் 2018இலிருந்து தீரவில்லை.